மூக்காக இருந்தவள்

எங்கள் தெருவில் நல்ல ஜோடி என்றால் எங்களைத்தான் சொல்வார்கள், சார். கரமனையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கொரோனா காலத்தில் எத்தனையோ வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு சுவருக்குள் அடைபட்டு முட்டிக்கொண்டார்கள். நாங்கள் அதற்கு அப்புறம்தான் இன்னும் ஒட்டிக்கொண்டோம். சேஷனுக்கு அவர் பெண்டாட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் அடுப்பே எரியாது என்று கேலிகூடச் செய்வார்கள்.

கேலி இல்லை, உண்மைதான். அவர் திவசச் சமையல்காரர். திவசச் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பித்ருக்களுக்குப் படைத்து முடியும்வரை ஒரு பருக்கை நாக்கில் படக் கூடாது. உப்பு போதுமா, புளி பச்சை வாடை போயிற்றா, எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். அவர் மூக்கு சொல்லும். இரண்டாவது அலையில் அவருக்குக் கொரோனா வந்தது. போகும்போது அந்த மூக்கையும் கொண்டுபோயிற்று. வெளியே தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அதனால் நான் கூடப்போய் அடுப்படியில் நின்றேன். நான் தலையசைத்தால் பாத்திரத்தை இறக்குவார். உதட்டைச் சுழித்தால் உப்புப் போடுவார். "இனிமே நீதானாக்கும் எனக்கு மூக்கு" என்பார்.

அவருக்குக் கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் அம்மா செத்துப்போனாள்.

அம்மா அனந்தலக்ஷ்மி வலியசாலையில் தனியாக இருந்தாள். கரமனையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் ஊரடங்கு. தொழில் படுத்துவிட்டதால் அவருக்கு மனசு சரியில்லை. ஒன்றிரண்டு வீடுகளுக்குத் திவசச் சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிவியைப் போடாதே என்பார், பேப்பரை நிறுத்து என்பார். கெட்ட சேதி எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது, அப்போதுதான் அவரால் மூச்சுவிட முடியும். வீட்டில் இருந்த ஒரே போனையும் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு வேதனை வேண்டாம் என்றுதான் செய்கிறார் என்று நான் உருகிப்போனேன்.

அம்மாவைப் பற்றி தினமும் கேட்பேன். "சௌக்கியமா இருக்கா. ரசஞ்சாதம் சாப்பிட்டுட்டுப் படுத்துண்டாளாம்" என்பார். ஒருநாள், கதவை உடைத்து எடுத்தோம் என்று போலீஸ் வந்து சொன்னது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்கவில்லை.

சுஜா என்று ஒரு மலையாளப் பெண், சுகாதாரப் பணியாளர். எங்கள் பக்கத்துக்கும் வலியசாலைக்கும் அவள்தான். தனிமையில் இருக்கிற வீடுகளுக்குப் போன் செய்து ஆறுதல் சொல்வதும் அவள் வேலை. அவர் கொரோனாவில் படுத்தபோது போன் என் கைக்கு வந்தது, என்னிடமும் பேசுவாள். "டென்ஷன் உண்டெங்கில் உள்ளே வைக்காதீங்க சேச்சி, அண்ணன்கிட்ட மனசு திறந்து பேசணும்" என்பாள். கெட்டிக்காரப் பெண். சேஷன் தேறிய பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், அவர் குளிக்கப்போயிருந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாக்கு வல்லாத்த மூச்சுமுட்டு இருந்தது சேச்சி. ஆம்புலன்ஸ் அனுப்பட்டான்னு கேட்டேன். வேண்டாம், மாப்பிள்ளைக்குப் போன் விளிச்சாச்சு, இப்போ வந்துடும்னு சொன்னாங்க. அண்ணனுக்கும் அந்தச் சமயம் வர முடியலை போல."

வர முடியாமல் இல்லை. போனால் தொற்று வரும், தொற்று என்று தெரிந்தால் இருக்கிற இரண்டு வீடும் போய்விடும். என்னிடம் சொன்னால் நான் ஓடுவேன். அதனால் எங்கள் அம்மாவை ரசஞ்சாதம் சாப்பிட வைத்துத் தூங்கப்பண்ணிவிட்டார்.

ஏன் அவரிடமே கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டிருந்தால் அழுதிருப்பார். அவர் அழுதால் நான் தாங்க மாட்டேன், மன்னித்திருப்பேன். எனக்கு மன்னிக்க இஷ்டமில்லை. அதனால் கேட்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதம் இரண்டும் மரத்துப் பல காலம் ஆயிற்று. மடி ஆசாரத்தோடு சமைக்கும்போது செருப்புப் போட மாட்டார். ஒரு திவசத்தில் விறகடுப்பிலிருந்து விழுந்த கனலை மிதித்தார். மிதித்ததே தெரியாமல் பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். உதட்டைச் சுழிக்கவில்லை, தலையையும் அசைக்கவில்லை.

தொப்பை காரணமாக உள்ளங்காலை அவரால் குனிந்து பார்க்க முடியாது. சாயங்காலம் காலை என் மடிமேல் வைத்து எண்ணெய் தடவுவது வழக்கம். அதை நான் ஒருநாளும் விட்டதில்லை.

"காலிலே ஏதானும் உண்டோடீ?"

"ஒண்ணும் இல்லைன்னா. பித்தவெடிப்பு."

முதலில் ஈரத்துணி வாடை. பிறகு அழுகின வாழைத்தண்டு வாடை. பிறகு சொல்ல வேண்டாம். வீட்டில் சாம்பிராணி போட ஆரம்பித்தேன். புகையைப் பார்த்து என்ன விசேஷம் என்றார், கொசு என்றேன். சமைக்கப்போன வீடுகளில் யாராவது மூக்கைப் பொத்தினால், சாக்கடை அடைத்திருக்கிறது போல என்று நானே முந்திக்கொள்வேன். சுத்தமான வெள்ளைத் துணியாகக் கிழித்துக் கட்டுப் போட்டேன். "உன்னை மாதிரி யாரு பாத்துப்பா" என்று என் தலையைத் தடவினார். அதுவும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஜுரம் ஏறிப் பிதற்ற ஆரம்பித்தபோது சுஜாதான் ஓடிவந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, பிரயோஜனப்படவில்லை, போய்விட்டார். இவ்வளவு நாற்றம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையா என்று டாக்டர் கேட்டார். கொரோனாவில் எனக்கும் மூக்கு போய்விட்டது என்றேன். டாக்டர் என் தோளைத் தொட்டார். பக்கத்தில் நின்ற சுஜா அழுதாள்.

அதோடு முடிந்திருக்கும். காரியமெல்லாம் அவருடைய தம்பி மகன் கிரிஷ் செய்தான். பன்னிரண்டாம் நாள் சமையலுக்குப் புது ஆள். நான் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். சுஜாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்கட்டிலிருந்து வாடை வந்ததும் என்னையறியாமல் எழுந்து, "பால் அடிபிடிக்கிறது, இறக்குங்கோ" என்று கத்திவிட்டேன். வேறு யாருக்கும் அந்த வாடை வரவில்லை. எல்லோரும் பின்கட்டுக்கு ஓடினார்கள். சுஜா மட்டும் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் போலீஸ் ஜீப்பில் நீங்கள் வந்தீர்கள்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அது எப்படி, சார்? அவருக்குப் போடுகிற கடைசிச் சாப்பாடு. அதில் தீய்ந்த பாயசத்தை வைக்கச் சொல்கிறீர்களா? பெண்டாட்டியாக நான் அவருக்கு இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.