துஷாந்தினிக்காகக் கரைத்த உப்பு

உப்புக் கரைப்பதில் யூஜினாவின் கை பிசகாது என்று எங்கள் வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் எல்லோருமே சொல்வார்கள், சேர். அது உண்மைதான். அங்கே எல்லோருடைய பரிசோதனைக்கும் வேண்டிய உப்புக்கரைசலை மூத்தவளான நான்தான் கரைத்துப் போத்தலில் வைப்பேன். மற்றவர்கள் அதைத் திரும்பச் சோதிப்பதில்லை. சோதித்தால் மூத்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

துஷாந்தினி எங்களோடு வேலை செய்த, ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் என் வீட்டு மேல்மாடியில்தான் தங்கியிருந்தாள். புத்தளம் உப்பளத்துச் சேற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரை எடுத்து, அதன் நொதியத்தை, அதாவது என்சைமை, ஆராய்ந்தாள். நான் பல வருடமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த விஷயம் அது. ஜேர்மனியில் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் கிடைத்தபோது, பணிப்பாளர் தயாபரன் என்னை விட்டுவிட்டு அவள் பெயரை அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

நொதியம் இறுக்கமாக இருந்தால் மெதுவாகத்தான் வேலை செய்யும். சில உப்புகள் அதை இன்னும் இறுக்கும், சில தளர்த்தும். அளவாகத் தளர்ந்தால் துள்ளிக்கொண்டு வேலை செய்யும், அளவு மீறினால் குலைந்துபோகும். அவளுடைய போத்தலில் மட்டும், சாதாரண உப்போடு தயோசயனேற்று என்ற தளர்த்தும் உப்பையும் கொஞ்சம் சேர்த்தேன். வேகம் இரண்டு மடங்கானது. பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, இந்த வேகத்த யாருமே பார்த்திருக்க மாட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்லட் வாங்கிக் கொடுத்தேன்.

கட்டுரை வெளிவந்தது. ஜேர்மன்காரர் செய்து பார்த்தபோது பாதி வேகம்தான் வந்தது. இல்லாததை எழுதிவிட்டாள் என்று பேச்சு எழுந்தது. தயாபரன் விசாரணைக்குழு அமைத்து, அவர்கள் முன்னால் திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். அன்று மட்டும் நான் நேர்மையாகக் கரைத்தேன். சுத்தமான உப்பு, சரியான அளவு. வேகம் பாதியாக விழுந்தது.

கரைசலில் பிழை இருக்குமோ என்று குழுவில் ஒருவர் கேட்டார். அவளுடைய பழைய போத்தல் இன்னும் அலுமாரியில்தான் இருந்தது. அவள்தான் பதில் சொன்னாள்.

"அக்கா கரைச்சது, சேர். அதுல பிழை வராது. நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். ஜேர்மனியும் போயிற்று, வேலையும் போயிற்று. ஜேர்மனிக்கு அவளுக்குப் பதிலாகப் போகிறீர்களா என்று என்னைக் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது அவள் நுகேகொடையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பயணத்துக்குக் கம்பளிச்சட்டை வாங்கப் போனபோது அவளே எடுத்துக் காட்டினாள். "அக்கா, நான் எதுல பிழை விட்டேன்னு இப்பவாவது தெரிஞ்சிச்சா? தூக்கமே வருதில்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அதை இனி யோசிக்காதை, பிள்ளை. கவனக்குறைவு ஆருக்கும் வரும்" என்றேன்.

தயாபரன் அலுமாரியிலிருந்த பழைய போத்தலைச் சோதித்துவிட்டாராம். ஆகவே ஒப்புக்கொள்கிறேன், செய்தது நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சேர். என் கரைசலால் வந்த வேகத்தைத் தன் கெட்டித்தனம் என்று கட்டுரையில் எழுதியவள் அவள். அதற்காக அவளை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.