பதினாறு புஷ்ராடுகள் காணாமல் போனது பற்றி

என்னைப் பட்டறையில் எல்லோரும் இன்ஜின் அக்கா என்றே கூப்பிடுவார்கள். என் பெயரும் என் கணவர் பெயரும் புகார் மனுவில் ஏற்கெனவே இருக்கின்றன. வயது நாற்பத்து மூன்று. தொழில் இன்ஜின் வேலை. டயர்க் கடையை ஒட்டிய கட்டடத்தில் கீழே எங்கள் பட்டறை, மாடியில் வீடு. இன்று வெள்ளிக்கிழமை நானாகவே நிலையத்துக்கு வந்து, யாரும் மிரட்டாமல், நல்ல நினைவோடு இதைச் சொல்கிறேன்.

என் கணவர் பந்தயக் கார் ஓட்டுபவர். பதினேழு வருடமாக அவர் ஓட்டுகிறார், நான் பிரித்துப் பூட்டுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் இருப்பதால், இன்ஜினுக்குக் கூடுதல் வேகம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதன்படி வால்வுகளை இன்னும் உயரத் தூக்கும் கேம்ஷாஃப்ட்டும், அதற்கு ஈடு கொடுக்கும் கடினமான ஸ்பிரிங்குகளும் வாங்கினோம். அந்த ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பழைய புஷ்ராடுகள் வளைந்துவிடும் என்பதால், தடித்த புஷ்ராடுகள் பதினாறு தேவைப்பட்டன. புஷ்ராடு என்பது ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய எஃகுக் குழாய். கேம் அதைக் கீழிருந்து தூக்கும், அது மேலே ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். எழுதும் காவலர் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு, வால்வுகள் உட்காரும் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் அரைத்து வாங்கினேன். அரைத்தால் ஹெட் தாழ்ந்து உட்காரும், புஷ்ராடும் அதற்கேற்பக் குட்டையாக வேண்டும். எல்லாம் பூட்டி அளவெடுத்த பிறகே புஷ்ராடு வாங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். என் கணவருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஹெட்டை எடுத்துக்கொண்டு போயிருந்த நேரத்தில், பழைய புஷ்ராடு ஒன்றை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, அதே நீளத்தில் பதினாறுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவை வந்தன. ஒரு வால்வின் மேல்நுனியில் மார்க்கர் மை தடவி, புஷ்ராடும் ராக்கரும் பூட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். ராக்கர் உரசி மை நடுவில் அழிய வேண்டும். ஓரத்தில் அழிந்திருந்தது. அப்படியே ஓட்டினால் ராக்கர் வால்வை நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளும். முழு வேகத்தில் வால்வு முறிந்து உள்ளே விழுந்தால் இன்ஜின் இறுகிவிடும், வளைவில் கார் அவர் பேச்சைக் கேட்காது. கடையில் சரியான நீளத்தில் வேறு செட் கேட்டதற்குத் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். இதை அவரிடம் சொன்னேன். "ஒரு மில்லிக்காக ஒரு பந்தயத்தையே விடச் சொல்றியா? ஒரு நாள் தாங்காதா?" என்றார். சாயங்காலம் தானே பூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள் அவர்.

அதன் பிறகு மதியம் அவர் சாப்பிட மாடிக்குப் போனபோது, பதினாறையும் துண்டில் சுருட்டி, பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் என் நாத்தனாரிடம், அதாவது அவருடைய அக்காவிடம், கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர், "அளவெடுக்காம தைக்கிற ஆள் எங்க குடும்பத்துலயா பொறந்தான்?" என்று தலையில் அடித்துக்கொண்டு, துணிக் கட்டுகளுக்கு அடியில் துண்டை வைத்தார்.

சாயங்காலம் என் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெட்டி காலி என்று பார்த்த மாத்திரத்தில், எதிரணி மெக்கானிக் ஸ்பானர் அண்ணன்தான் எடுத்திருப்பார் என்று முடிவு கட்டி, நேராக இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று காலை ஸ்பானர் அண்ணனை இந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, நாத்தனாரிடம் துண்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். ஸ்பானர் அண்ணன் ஒரு பாவமும் அறியாதவர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பேசாமல் எங்கள் அணிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிச் சிரித்தார். புகார்தாரரான என் கணவர் சிரிக்கவில்லை.

துண்டைப் பிரித்து எண்ணியதில் பதினைந்துதான் இருந்தன. தைத்த நாடாக்களை உள்வெளியாகத் திருப்புவதற்கு ஒன்றை நாத்தனார் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். காவலர் ஒருவர் போய் வாங்கி வந்தார். வேலைக்கு மிகவும் வாகாக இருந்ததாக நாத்தனார் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா, இது புருஷன் பெண்டாட்டி விவகாரம், புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு பொருளை இப்போதே எடுத்துப் போகலாம் என்றார். என் கணவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். பொருளை அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். "வால்வு ஒடஞ்சா வேற வாங்கிப் போட்டுடுவேன். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்தக் கடையில போய் வாங்குறது?" என்று எல்லோர் முன்பும் அவரைக் கேட்டேன். கேட்கும்போது அழுதுவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அவர் மேசை மேல் கிடந்த பதினாறையும் பார்த்தார். பேனாவை மூடினார். "சார், புகார நான் திங்கக்கிழமை வந்து வாபஸ் வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் பொருள் இங்கயே இருக்கட்டும். நடுவுல நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையில் கிரீஸ் இருந்ததால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் அடையாளம் விழுந்திருக்கிறது. அதுவும் என்னுடையதுதான்.

(கையெழுத்து)