சம்பந்தியம்மாவை யாரும் வண்டிக்குள் அடைத்து வைக்கவில்லை

எனது பெயர் மங்கையர்க்கரசி கணபதிப்பிள்ளை. வயது எழுபத்திரண்டு. மகள் மிருணாளினியுடனும் மருமகன் செந்தில்நாதனுடனும் கிரவீனில் வசிக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மொழிபெயர்ப்பாளர் மூலம் பொலிஸாரிடம் தமிழில் சொல்கிறேன். மருமகன் பஸ் ஓட்டுகிறார். அவர் மேல் வழக்கு என்று வந்தால் அந்த வேலை போய்விடும் என்பதால் எனக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்ல வந்தேன்.

மருமகன் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள பழைய மோட்டர்ஹோம் வண்டி ஒன்றை வாங்கி வீட்டு முன்றலில் நிறுத்தியிருக்கிறார். அதில் சுவிட்சை அழுத்தினால் பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறை ஒன்று உண்டு. அறையை உள்ளே எடுத்தால் லொக் பின்கள் என்னும் இரண்டு இரும்பு முளைகள் அதைப் பூட்டிக்கொள்ளும். எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தால்தான் பின்கள் இழுபட்டு அறை மீண்டும் வெளியே வரும். அறை உள்ளே இருக்கும்போது பின்பக்கக் கட்டிலில் இருப்பவர் வாசலுக்கு வர வழியில்லை. ஒரு லொக் பின்னில் எண்ணெய் ஒழுகியது. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு அந்த வண்டியில் போக இருந்ததால் மருமகன் கடந்த சனிக்கிழமை அதைத் திருத்தத் தொடங்கினார்.

அன்று மருமகனின் தாயார் நாகரத்தினம் ஸ்பிரிங்வேலிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மதியம் நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிச் சாப்பிடும்போது, "சம்மந்தி, இது சொதியோ, பால் சட்டி கழுவின தண்ணியோ?" என்று கேட்டார். "ஸ்பிரிங்வேலில தேங்காய் மலிவு போல" என்று நான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அதன் பின்னர் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்கட்டிலில் போய்ப் படுத்தார். வீட்டுக்காரி முறையாகக் கூப்பிட்டால்தான் வருவேன் என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். நான் கூப்பிடவில்லை.

அதன் பின்னர் மருமகன் பின்களைச் சோதிப்பதற்காக அறையை உள்ளே எடுத்தார். தாயார் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்பதால் சொல்கிறேன்: சம்பந்தியம்மாவைப் பற்றி அன்று வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

அறை உள்ளே வந்து பூட்டிக்கொண்டது. எண்ணெய் ஒழுகிய அந்த லொக் பின் பிறகு இழுபடவில்லை. உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டது. மருமகன் பதறி, "அம்மா, அங்க ஏன் போனனீங்கள்?" என்றார். "உன்ர மாமியிட்டக் கேள்" என்று பதில் வந்தது. சட்டையெல்லாம் சிவப்பு எண்ணெயும் கையில் சுத்தியலுமாக மருமகன் ஓடித் திரிந்ததை வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸை அழைத்தார்.

பொலிஸார் வந்தபோது மருமகன் பின்னை இழுக்கும் சிலிண்டரைக் கழற்றியிருந்தார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புது வளையம் போட்டு, எண்ணெய் ஊற்றி, எண்ணெய்க்குள் இருந்த காற்றுப் போகும்வரை சுவிட்சை விட்டு விட்டு அழுத்தினார். லொக் பின் இழுபட்டது. அறை வெளியே போனது. சிலிண்டரின் பொருத்தைக் கடதாசியால் துடைத்து, ஒரு சொட்டும் இல்லை என்று பொலிஸாருக்கும் காட்டினார்.

வழி திறந்தும் சம்பந்தியம்மா வெளியே வரவில்லை. பெண் பொலிஸ் அதிகாரி தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்துக் காரணம் கேட்டார்.

"வீட்டுக்காரி சொல்லாமல் நான் எப்பிடி வெளியில வாறது?" என்றார் சம்பந்தியம்மா.

எவ்வளவு காலமாக இப்படி என்று அதிகாரி கேட்டார்.

"பிள்ளையளுக்குக் கலியாணம் முடிஞ்ச நாளில இருந்து இப்பிடித்தான்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பின்னர் அதிகாரியின் முகம் மாறியது. மருமகனை வண்டியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி, நிலையத்துக்கு வரவேண்டும் என்றார். மருமகன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே நின்றார். மகள் என் பக்கத்தில் வந்து, "அம்மா, ஒரு சொல்லுத்தானே" என்றாள்.

அதன் பின்னர் நான் வண்டி வாசலுக்குப் போய், எல்லோரும் கேட்க, "சம்மந்தி, வாங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றேன். உள்ளே தலையணையைத் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். இருமினார். மூன்றாம் முறை கூப்பிட்டதும், "ஓம், வாறன்" என்று கொண்டையைத் திருத்திக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அதுவரை பொலிஸாரும் நின்றார்கள். இறங்கியதும் அந்த அதிகாரியின் கையைப் பிடித்து, "பிள்ளை, நீயும் வா, சாப்பிட்டுட்டுப் போ" என்று எனது வீட்டுக்கு அவர் அழைத்தார்.

மருமகன் யாரையும் அடைத்து வைக்கவில்லை. முதலில் பிழை லொக் பின்னுடையது, பிறகு என்னுடையது.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதும் நடந்ததும் இதுவே. நான் கூப்பிட்டது மருமகனின் வேலைக்காக மட்டுமே என்றும், சொதியில் பால் போதுமான அளவு இருந்தது என்றும் சேர்க்கும்படி கேட்டேன். அவை சேர்க்கப்பட்ட பின்னரே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. மங்கையர்க்கரசி