அந்தோணிராஜின் வண்டிக்குப் போட்ட ஹெட்டர்

புது வண்டியில் வேலை பார்ப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சார். பழைய வண்டி என்றால் ஒவ்வொரு நட்டும் முரண்டு பிடிக்கும். எண்ணெய் விட்டுக் கெஞ்ச வேண்டும். கழன்று வரும்போது ஒரு திருப்தி இருக்கும். புது வண்டியில் ஸ்பேனரை வைத்ததுமே வந்துவிடும். அந்தோணிராஜ் அந்த பிக்கப்பை வாங்கி அப்போது பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் கிழிக்கவில்லை.

வண்டியைப் பரிசோதித்தவர்கள் 'கவனக்குறைவான வேலை' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். பல்லடம் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக சைலன்சர் பட்டறை வைத்திருக்கிறேன். குருசாமி வேலையில் கவனம் இல்லை என்று இதுவரை ஒரு டிரைவரும் சொன்னதில்லை.

அந்தோணிராஜ் என்னிடம் வேலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வந்தான். எனக்கு விளாத்திகுளம் பக்கம், அவனுக்கு சாத்தான்குளம் பக்கம். பார்க்கிறவர்கள் எங்களைக் கூடப்பிறந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள், நாங்களும் திருத்த மாட்டோம். கொரோனாவில் என் வீட்டுக்காரி போன பிறகு, ராத்திரிச் சாப்பாட்டை நான் தனியாகச் சாப்பிட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவனும் அவன் சம்சாரம் ஜெயசுதாவும் பிள்ளையும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜெயசுதா கறிக்குழம்பு வைப்பாள். பிள்ளை என் கட்டிலில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதும். எனக்கு வேறு யாரும் இல்லை, சார். அதை நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் அவன் வண்டி வாங்கினான். நிட்டிங் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் துணி ஓட்டினான். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னான்.

"அண்ணே, பிள்ளைக்குப் பரீச்ச முடிஞ்சதும் ஊருக்கே போயிரலாம்னு இருக்கோம். வாழைத்தாருக்கு வண்டி ஓட்டுனாக்கூடப் பொழச்சுக்கிடலாம்லா."

"நல்லதுடா. போய் நல்லா இரு" என்றேன். கூட ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வண்டியோடு வந்தான். கேஸில் ஓடுகிற வண்டி. ஈரத்துணி ஏற்றினால் மேட்டில் இழுக்கவில்லை, ஒரு ஹெட்டர் போட்டுக் கொடுங்கள் என்றான். இன்ஜினில் எரிந்த புகை வெளியேறக் கம்பெனிக்காரன் ஒரே இரும்புக் கூடாக வைத்திருப்பான். புகை அதற்குள் முட்டி மோதித்தான் வெளியே வரும். அதைக் கழற்றிவிட்டு, இன்ஜினில் புகை வரும் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகக் குழாய் வளைத்து, கீழே ஒன்றாகச் சேர்த்தால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். அதுதான் ஹெட்டர். அவன் கேட்டதால்தான் போட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். ஸ்டீல் குழாயை மணல் அடைத்து வளைத்தேன். அந்த மாதிரி வெல்டிங்கை நான் எனக்கே வைத்துக்கொண்டதில்லை. அவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நகை மாதிரில்லா இருக்குண்ணே" என்றான். அழுதுவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி வாயில் மட்டும், புகை ஒழுகாமல் இணைப்பில் வைக்கிற கேஸ்கட்டைப் பாதியாக வெட்டிப் போட்டேன். புகையைச் சுத்தம் செய்யக் கம்பெனி வைத்த டப்பாவையும் எடுத்துவிட்டேன். ஹெட்டர் போடுகிறவர்கள் நிறையப் பேர் அதை எடுப்பதுதான். கேஸ்கட் ஒழுகினால் வண்டி சத்தம் போடும். வாரம் ஒருமுறை பட்டறைக்கு வந்தாக வேண்டும். ஊரில் போய் இதை யாரிடம் காட்டுவது என்று அவனே பயணத்தைத் தள்ளிப்போடுவான். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அந்தச் சின்ன வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின் இருக்கும். நடுவில் ஒரு மூடி, புகை உள்ளே ஏறாமல் இருக்க மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. அந்தப் பட்டையிலும் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்தேன்.  

சாயப்பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி இறக்க மூன்று மணி நேரம்கூட ஆகும். சித்திரை வெயிலில் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, வண்டியை ஓடவிட்டுத் தூங்குவார்கள். கேஸ் வண்டிப் புகை பெரிதாக மணக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

அன்றைக்கு சாயப்பட்டறை வாட்ச்மேன் சுப்பண்ணன்தான் அவனை முதலில் பார்த்தார். அந்தோணிராஜ் போனில் கடைசியாகப் பேசியிருந்த நம்பருக்கு அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்தத் தம்பி உங்களுக்குச் சொந்தமுங்களா? வண்டி ஓடிட்டே இருக்குதுங்க. தட்டித் தட்டிப் பாத்துட்டோம், கண்ணே தொறக்கலீங்க."

"தம்பிதாங்க" என்றேன்.

அந்தக் கடைசி அழைப்பைப் பற்றி நீங்கள் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. மதியம் இரண்டரைக்குப் பேசினான்.

"அண்ணே, தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி. வாந்தி வாரமாதிரி இருக்கு. வண்டில ஏதும் கோளாறா இருக்குமோ?"

மற்றவர்கள் டாக்டரைக் கேட்பார்கள். அவன் என்னைக் கேட்டான். இறங்கி வேப்பமரத்தடிக்குப் போடா என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அவன் ஊருக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"வண்டில ஒண்ணுமில்ல. வெயிலு, அதான். கண்ணாடிய நல்லா ஏத்திட்டு, ஏசியக் கூட்டி வச்சுப் படு. சரியாயிரும்" என்றேன்.

"சரிண்ணே."

போனை வைத்துவிட்டு நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். தெரிந்துதான் சொன்னேன், சார். ஒழுகட்டும், திரும்பி வரட்டும் என்று நினைத்ததெல்லாம் பட்டறையில் இருந்தவரைக்கும். இரண்டரைக்கு அப்படி எதையும் நான் நினைக்கவில்லை.

மறுநாள் அவன் ஊருக்குப் போனான். நான் பிடித்து வைக்கப் பார்த்தவன் பன்னிரண்டு நாள் முன்னாடியே போய்விட்டான். ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. மதுரை தாண்டியதும் ஜெயசுதா முதல் தடவையாகப் பேசினாள்.

"அவுகளுக்கு ஊருக்குப் போகவே மனசில்லண்ணே. எங்கப்பா சொன்னாகன்னுதான் கிளம்புனாக. போவாதடான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுவீகன்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்தாக."

அதை அவன் என்னிடம் சொல்லியிருக்கலாம், சார். சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.