மூன்று சுற்று டேப்

கரண்ட் இப்போதைக்கு வராது. நெருங்கி உட்காருங்கள். நடுவில் எவனும் சிரிக்கக் கூடாது.

மாலை ஆறே கால். நோன்பு திறக்கப் பத்து நிமிடம். கர்தாயா ஊருக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை... ஊரே சூப்புக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்தது. என் நண்பன் தாஹரின் தாய்மாமன் மிலூது மட்டும் தனியே காரோட்டி வந்துகொண்டிருந்தான்.

கார் எலெக்ட்ரீஷியன். ஒயரை முறுக்கிச் சேர்த்தால் மூன்று சுற்று டேப். நுனியை வால்போல மடித்துவிடுவான், பிறகு பிரிக்க வசதியாக. அந்த வாலைப் பார்த்தே மிலூது வேலை என்று சொல்லிவிடலாம்.

போன நோன்பில் ஒரே ஒரு தடவை டேப் சுற்றவில்லை. டாக்சிக்காரன் கதூரின் வண்டி. டேப் தீர்ந்திருந்தது, பாங்குக்கும் நேரமாகிவிட்டது. பேரீச்சம்பழம் கட்டி வந்த காகிதத்தை ஒயரில் சுற்றி அனுப்பிவிட்டான். பாங்கு சொல்வதற்குள் கதூர் வண்டியோடு எரிந்துபோனான்.

போலீஸ் கேட்டது. இவன் கூசாமல் சத்தியம் பண்ணினான்:

"வல்லாஹி, மூணு சுத்து சுத்தினேன். நோன்பு வச்சுக்கிட்டே திருட்டு சிகரெட் பிடிச்சிருப்பான், வேறென்ன!"

ஊர் நம்பியது. அடக்கத்துக்கு நாலு பேர்கூட வரவில்லை. "வாயில தண்ணிகூடப் படாமப் போன மனுசன்யா!" என்று கதூர் மனைவி தெருவில் நின்று கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

சரி... அந்தச் சாலைக்கு வருவோம். ஓரத்தில் ஒரு டாக்சி. பானெட் திறந்திருந்தது. அதன் மறைவில் முகம் தெரியாமல் யாரோ.

"ஒரு ஒயருதான் மிலூது. சேத்துக் குடுத்துட்டுப் போ."

மிலூது இறங்கிப் போய்க் குனிந்தான். கருகிய பிளாஸ்டிக் நாற்றம்... அதற்கடியில், தீய்ந்த பேரீச்சம்பழம். ஒயரில் அதே காகிதம்.

"இன்னைக்கு டேப் இருக்கா?"

"இ... இருக்கு."

"அப்ப சொல்லு. நான் சிகரெட் பிடிச்சேனா?"

தூரத்தில் பாங்கு. 'டக்'கென்று பானெட் மூடிக்கொண்டது.

விடிகாலையில் தாஹர்தான் தேடிக் கண்டுபிடித்தான். மிலூது தன் காருக்குள் உட்கார்ந்திருந்தான், உயிர் இல்லை. கதவுகள் உள்ளிருந்து பூட்டியிருந்தன. மடியில் இருந்த டேப் சுருள் புதுசு, உறைகூடப் பிரிக்கவில்லை.

ஆனால் வாயை மூடித் தலையோடு சேர்த்துச் சுற்றியிருந்தது டேப். சரியாக மூன்று சுற்று. நுனியில் வால்.

தாஹர் அந்த வாலைப் பிடித்துத்தான் பிரித்தான். ஆயுளில் புகையைத் தொடாத மனிதனின் வாய்க்குள் ஒரு சிகரெட்... இன்னும் எரிந்துகொண்டிருந்தது.