சாமி காவ ஒரு தோள்

— நோகுது எண்டா சதை வளருது எண்டுதானே அர்த்தம், இப்திகார் தம்பி?

— நோகுது எண்டா நோகுது, அவ்வளவுதான் அங்கிள். அதக் கீழ வைங்க. காலில போட்டுக்கொண்டா சத வளராது, கால்தான் வீங்கும்.

— ஒரு கிழமையா இரும்பு தூக்குறன். கண்ணாடியில பாத்தா அதே சவுந்தரநாயகம்தான் நிக்கிறான்.

— ஒரு கிழமைல வேற ஆளாக்கி அனுப்ப இது சலூன் இல்லையே. மொதல்ல நரம்புதான் வேல பழகும், பலம் கொஞ்சம் கூடும். சத ஆறுதலாத்தான் வரும். அதுவும் இங்க வளராது, நீங்க நல்லாத் தூங்கினாத்தான் வளரும்.

— நித்திரையில வளருமெண்டா, காலம் முழுக்கக் கந்தோரில பைலுகளோட இருந்த எனக்கு எவ்வளவு வளர்ந்திருக்கோணும்.

— வளர்ந்துதான் ஈக்கி. பெல்ட்டுக்கு மேல பாருங்க.

— அது மெட்டபொலிசம். வயது போனாக் குறைஞ்சிடுமாம். என்ர கையில இல்ல.

— அறுவதுக்குப் பொறவு கொஞ்சம் கொறையிற உண்மதான். இந்தத் தொப்ப எப்ப வந்த?

— கலியாணம் முடிச்ச வருசம்.

— அப்ப அது மெட்டபொலிசம் இல்ல, அன்ரிட சமையல். கொட்டாஞ்சேனைல இருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வாறீங்களே, அந்தப் பக்கம் ஜிம் இல்லையா?

— இருக்கு. எங்கட கோயில்ல சாமி காவுற பெடியள் முழுப்பேரும் அங்கதான். அவங்களுக்கு முன்னால இந்தக் குஞ்சு இரும்போட நான் நிக்கவோ?

— நீங்களும் சாமி காவுற ஆள்தானே.

— போன திருவிழாவில, சாமியைத் தோளில தூக்கிற கொம்பு என்ர பக்கம் சரிஞ்சிட்டுது. சாமிக்குப் போட்ட மாலை போய் ஐயரின்ர கழுத்தில விழுந்தது. ‘அண்ணை, இந்த முறை நீங்கள் குடை பிடியுங்கோ’ எண்டிட்டாங்கள். கொடியேத்தத்துக்கு முதல் தூக்கிக் காட்டினாத்தான் கொம்பில இடம்.

— குடை பிடிக்கிறதும் ஷோல்டருக்கு நல்ல எக்ஸர்சைஸ்தான்.

— பகிடி விடாதையும்.

— பகிடி நானா விடுறன்? வெரதம் எண்டு மீனும் இல்ல, முட்டையும் இல்ல, ஒரு நேரச் சாப்பாடு. சத என்னத்தத் திண்டு வளரும்?

— முருகன் பாப்பார்.

— அவர் பாக்கட்டும். நீங்க பருப்பு, கடல, தயிரப் பாருங்க. நோம்புலயும் நான் தூக்குறன்தானே. நோம்பு தொறந்து வெறும் ரோல்ஸ் திண்டா தூக்கேலா.

— திருவிழா முடிஞ்சு விட்டிட்டா, இந்தச் சதையெல்லாம் கொழுப்பா மாறிடுமாமே?

— அது வேற, இது வேற, மாறாது. மொதல்ல சத வரட்டும், பொறவு கவலப்படுவம். பெனியன எறக்குங்க, தோளப் பாப்பம். எப்ப இருந்து சாமி காவுறீங்க?

— மூத்தவள் பிறக்க முன்னம் தொடங்கினது.

— மருதானைல மூட்ட தூக்குற ஆக்கள்ட தோள் காய்ச்சுப்போய் ஈக்கி. ஒங்கட தோள் புள்ளட கன்னம் மாதிரி ஈக்கி, அங்கிள்.

— நான் கட்டை, தம்பி. எனக்கு அடுத்த ஆள் யோகராஜ், நெட்டையன். கொம்பு அவன்ர தோளில இருந்திருக்கு, என்ர தோளுக்கும் கொம்புக்கும் நடுவில காத்துத்தான் போயிருக்கு. போன முறை அவன் முதுகு ஒப்பரேசனுக்குப் போய்ப் படுத்திட்டான். அவன்ர இடத்தில என்னைப்போல ஒரு கட்டையன். அண்டைக்குத்தான் சாமி எவ்வளவு பாரம் எண்டு எனக்குத் தெரிஞ்சது.

— இவ்வளவு காலமும் அவர் ஒண்டும் செல்லல்லையா?

— சொல்லுவான். ‘அண்ணை, நீங்கள் பக்கத்தில நிண்டா எனக்குப் பாரமே தெரியிறேல்ல’ எண்டு.

— அப்ப ஏன் அங்கிள் இந்தப் பாடு? மானத்தோட குடையப் பிடிங்களேன்.

— இந்த முறை அவன் திரும்பி வாறான். பாரம் தூக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னதையும் கேக்கிறானில்ல. தோளில துவாயைத் தடிப்பா மடிச்சு வச்சா அவன்ர உயரத்தைத் தாண்டிடுவன். பாரம் முழுக்க என்ர பக்கம் வரோணும் தம்பி, அவனுக்குத் தெரியக்கூடாது.