வடிவேல் படகின் பாட்டு

எனக்குப் பாட்டென்றால் ஆகாது என்று குப்பத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், ஐயா. கோயில் மைக் செட்டைப் பதினோரு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாட்டுப் பிடிக்காதவனிடம் அந்த வேலையைக் கொடுப்பார்களா? உட்காரச் சொன்னீர்கள், சந்தோஷம். ஆனால் நின்றுகொண்டே பேசுகிறேன். சில நாட்களாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

என் பெயர் இளஞ்செழியன். உப்பளத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் வீடு. இடுப்பில் அடிபட்ட பிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டேன். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடல் அரிக்காமலிருக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். படகு கரையேற ஒரே ஒரு மணல் வழிதான், கோயிலுக்கு நேர் எதிரே. தை மாதப் பனியில் விடிந்த பிறகும் அந்த வழி தெரியாது. அப்போது குழாய் ஸ்பீக்கரைக் கடலைப் பார்க்க வைத்துப் பாட்டுப் போடுவோம். ஒவ்வொரு படகுக்கும் அந்த வீட்டார் விரும்பிக் கொடுத்த பாட்டு ஒன்று இருக்கும். எந்தப் படகு இன்னும் வரவில்லையோ அதன் பாட்டு ஓடும். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அது வழியும் காட்டுகிறது. ஆனாலும் கரையை நெருங்கிவிட்டால் யாரும் போனைப் பார்ப்பதில்லை, காதைத்தான் நம்புவார்கள்.

வடிவேல் என் தாய்மாமன் மகன். அவன் படகின் பாட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டு. முதலில் புல்லாங்குழல், பிறகு ஒரு பெண் குரல். ஒரு காலத்தில் அது எனக்கு உயிர். கல்யாணமான புதிதில் நானும் ஜெயசித்ராவும் அதைக் கேட்காத நாள் இல்லை. எங்கள் மகள் சுவேதாவுக்கு அந்தப் பாட்டு ஓடினால்தான் சோறு இறங்கும்.

தானே புயல் அடித்தபோது அவளுக்கு நாலு வயது. குப்பத்தையே ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். புயல் ஓய்ந்த மறுநாள், மின்சாரம் இல்லை, வீதியெல்லாம் மரம். குழந்தைக்குக் காய்ச்சல். மண்டபத்தில் உயிரோடு இருந்த போன் வடிவேலுடையது ஒன்றுதான். "மாமா, பாட்டு" என்றாள். போட்டான். மறுபடியும் கேட்டாள், போட்டான். மூன்றாவது முறை யாரோ போடச் சொன்னார்கள். பாட்டு முடிவதற்குள் போன் அணைந்துவிட்டது. சற்று நேரத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட வழியில்லை. தோளில் போட்டுக்கொண்டு, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி ஓடினேன். ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்த டாக்டர், அரை மணி முன்னால் வந்திருக்கலாமே என்றார்.

வடிவேலை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது நான்தான் தேற்றினேன்.

போன வருஷம் அவன் புதுப் படகு வாங்கினான். பாட்டுச் சொல்ல என்னிடம் வந்தான்.

"மச்சான், பாப்பா பாட்டையே போட்டுக்கிறேன். கடல்ல இருந்து வரும்போது அது கூப்புடுற மாதிரி இருக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னான். நானும் சரி என்றேன். அதிலிருந்து பனி விழும் நாளெல்லாம் அந்தப் பாட்டை என் கையாலேயே போட வேண்டியிருந்தது. குழல் ஆரம்பித்ததும் தோளில் கனம் ஏறும். கால் நிற்காது. கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பேன், பாட்டு முடிந்த பிறகும் நடப்பேன். வேறு பாட்டுக் கொடு என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் ஏன் என்பான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கும் கடல் தெரியவில்லை. நாலு படகு ஏறிவிட்டது, வடிவேல் படகு மட்டும் பாக்கி. அவன் மனைவி ரஞ்சிதம் வந்தாள். "அண்ணே, எங்க ஊட்டுப் பாட்டப் போடுண்ணே, பனி உடவே இல்ல" என்று சொல்லிவிட்டு மீன் ஏலத்துக்குப் போனாள். பாட்டு என் காதுக்குச் சற்றுத் தள்ளி இருக்கட்டும் என்று ஸ்பீக்கரைக் கழற்றினேன். தெற்கே முந்நூறு அடி கொண்டுபோய்க் கருங்கல் மேல் வைத்தேன். ஒயர் போதவில்லை. இன்னொரு சுருளை முறுக்கிச் சேர்த்து டேப் ஒட்டினேன். அந்தச் சுருளை ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வைத்திருந்தேன். ஸ்பீக்கரைக் கடலுக்கு நேராகத் திருப்பினேன்.

காதுக்காகத்தான் என்றால் பாட்டே போடாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்காவிட்டால் அவன் வெளியிலேயே நங்கூரம் போட்டு நின்றிருப்பான்.

இரண்டாவது சரணத்தில் சத்தம் கேட்டது. ஃபைபர் படகு கல்லில் உடையும் சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இருக்காது. பாட்டைக் கடைசி வரை ஓடவிட்டேன். பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. பிறகு ஸ்பீக்கரைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். வடிவேலைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

அவனோடு படகில் இருந்த அமாவாசை என்பவன் கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன்.

"பாட்டு தெக்கால கேக்குதேன்னு சொன்னேண்ணே. 'செழியன் போட்டா சரியாத்தான் இருக்கும், உடு'ன்னுட்டாரு."

அதன் பிறகுதான் நடை அதிகமாகிவிட்டது. நடந்து நடந்து இங்கே வந்து நிற்கிறேன். யாரும் இழுத்துவரவில்லை. வடிவேலைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். வெளியே ஜெயசித்ரா உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள், இன்று காலை என்னிடம் சொன்னதை உங்களிடமும் சொல்வாள்.

"மூணாவது வாட்டி போடச் சொன்னதே நீதானேய்யா. சார்ஜு இல்ல மச்சான்னு அண்ணன் எவ்ளோ சொல்லிச்சு."

அதை எழுத வேண்டாம், ஐயா. அவள் அப்போது கஞ்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது? தவிர, காய்ச்சலில் துவண்டு கிடக்கிற பிள்ளை ஆசையாகக் கேட்கும்போது, இன்னும் ஒரே ஒரு முறை போடு என்று எந்தத் தகப்பனும்தான் சொல்லியிருப்பான்.